உமி, தைலமரம், தீவு மின்சாரம்: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 6, வெள்ளி – காரைக்குடி

விடியற்காலையில் நல்ல பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கிவிட்டது. மாசி பிறக்கவே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

இலங்கையில் கல்முனைப் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணனும் அண்ணியும் நேற்றே வந்து இறங்கிவிட்டார்கள். அண்ணிக்குப் பிள்ளையார்பட்டி வேண்டுதல், அண்ணனுக்குப் புதுவயல் ஆலைகளைப் பார்க்க வேண்டும். என்னை வரச்சொன்னது வேறு ஒரு விஷயத்துக்கு. மொரீஷியஸில் ஒரு கரும்பு ஆலையின் பாய்லர் பகுதியில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அண்ணனிடம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, காட்டோரமாகப் பெரிய அளவில் நிலம் எடுத்துச் சீமைக்கிளுவை (கிளிரிசிடியா மரம்) நடலாம், அதை வெட்டி எரித்து ஒரு மெகாவாட் மின்சாரம் எடுத்து அரசுக்கு விற்கலாம், நீங்களும் பங்குக்கு வாருங்கள் என்று கேட்டிருக்கிறார். "தீவுக்கு எண்ணெயும் நிலக்கரியும் கப்பலில வருது, மரம் எங்கட மண்ணிலயே வளருது, இதில என்ன பிழை தம்பி?" என்று போனில் கேட்டார். நேரில் பேசலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அவர் இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் போனது. அவர் ஆலையில் நெல் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த நேரம். மோட்டார் ஓடவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. தொட்டித் தண்ணீர் நுரைத்துப் புளிப்பு வாடை அடித்ததையும், அந்த நெல்லைக் கடைசியில் மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிட்டதையும் இன்று காலை டிபன் சாப்பிடும்போது சொன்னார். சொல்லும்போது இடியாப்பத்தில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

சாப்பிட்டது ஒரு ஆச்சி நடத்தும் மெஸ். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் ஒரு தட்டு 60 ரூபாய். பணியாரத்தின் ஓரம் பூப்போல விரிந்து, நடுவில் மட்டும் மெத்தென்று இருந்தது. இரண்டாவது தட்டு கேட்டதும் ஆச்சி, "மத்தியானம் சாப்பாடு இருக்கு, வயித்துல எடம் வச்சுக்கங்க" என்று சொல்லிப் பாதித் தட்டுதான் கொடுத்தார். காசும் பாதிதான் வாங்கினார்.

பிப்ரவரி 7, சனி – புதுவயல்

சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் காலம். புதுவயல் முழுக்க நெல் அவிக்கும் வாசம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. சாலையில் லாரி வரிசை, அதன் நிழலில் படுத்திருக்கும் டிரைவர்கள், எல்லாவற்றின் மேலும் மெல்லிய தவிட்டுத் தூசி.

தெரிந்தவர் மூலம் ஒரு ஆலைக்குள் போனோம். அண்ணன் நேராகப் போனது, நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டெக்ஸ் மெஷினிடம். நான் பாய்லரிடம் போனேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து ஆவி கொடுத்துக் காயவைக்க வேண்டும். அத்தனை சூட்டையும் கொடுப்பது அந்த நெல்லின் உமியேதான். ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதற்கென்று யாரும் நிலம் ஒதுக்கவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை, லாரி வைத்துக் கொண்டுவரவும் இல்லை. அரிசிக்காக வந்த நெல்லோடு அதுவே வந்து சேர்ந்துவிடுகிறது.

பாய்லர் பார்ப்பவர் ஐம்பது வயதுக்காரர். தலையில் துண்டு, புருவம் முழுக்கச் சாம்பல். உமி விழும் குழாயின் கீழே கையை நீட்டி ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். "நல்லா நசுக்கிப் பாருங்க. சலசலன்னா எரியும், மெத்துனு இருந்தா புகையும்." கருவி எதுவும் இல்லாமல் ஈரப்பதத்தைச் சொல்லிவிடுகிறார். நசுக்கினேன், சலசலத்தது. கை முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்கள். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிகா. கையைக் கீறுகிற அதே சங்கதிதான் பாய்லர் குழாயையும் மெல்ல மெல்ல அரித்துத் தின்கிறது. எப்போது குழாய் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, போன தீபாவளிக்கு முன்னால் என்றார்.

ஆவி போக மிஞ்சும் உமி எங்கே போகிறது என்று அண்ணன் விசாரித்தார். செங்கல் சூளைக்கும் கோழிப் பண்ணைக்கும் லோடு லோடாகப் போகிறதாம். அண்ணன் ஆலையில் மிஞ்சுவது ஆற்றங்கரையில் மலைபோலக் கிடக்கிறது, சில நாள் அங்கேயே கொளுத்தியும் விடுகிறார்கள். அதை அவர் சொன்னதும் பாய்லர்காரர் ஏதோ சாப்பாட்டைக் கொட்டினதைக் கேட்டதுபோல "அய்யய்யோ" என்றார்.

திரும்பும் வழியில் டீ 15 ரூபாய். கடைக்காரர் அண்ணன் பேச்சைக் கேட்டுவிட்டு, "சிலோனா? எங்க தாத்தா கண்டியில கணக்குப்பிள்ளையா இருந்தவரு" என்று சொல்லி அண்ணனிடம் மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு – பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி

கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அண்ணி கற்பக விநாயகரை நின்று பார்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார், மறுபடி ஒரு முறை வரிசையில் போய் வந்தார். வெளியே கந்தரப்பம் ஒன்று 12 ரூபாய்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்த்தோம். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுகிறார்கள். சூளை இல்லை, நெருப்பே இல்லை. சிமென்ட் எங்கோ சூளையில் வெந்து வந்ததுதான் என்றாலும், இந்தக் கொட்டகையில் ஒரு சுள்ளிகூட எரியவில்லை. அண்ணி வீட்டு முற்றத்துக்கு என்று சிவப்புப் பூ போட்ட கல்லாகப் பார்த்து வைத்தார். கப்பலில் எப்படிக் கொண்டுபோவது என்ற பேச்சு இரவு வரை ஓடியது.

இரவு விடுதி மொட்டைமாடியில் மொரீஷியஸ் கதை கேட்டார் அண்ணன். உலகத்துக்கே பாடமாகக் காட்டப்படும் தீவு அது. 1957-லேயே ஒரு கரும்பு ஆலை சக்கையில் எடுத்த மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்கு விற்றது. இப்போது இருப்பவை 80 பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 80 மடங்கு) மேல் அழுத்தத்தில் ஓடும் பெரிய பாய்லர்கள், ஒரு டன் கரும்பின் சக்கையில் 100 யூனிட்டுக்கு மேல் எடுக்கலாம். அரவைக் காலத்தில் அந்தப் பாய்லர் முன்னால் நின்றிருக்கிறேன். பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் கரும்பு வெட்டு ஜூன், ஜூலையில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும். மீதி மாதங்களில் அதே பாய்லரில் போவது கப்பலில் வந்த நிலக்கரி. சர்க்கரைக்கு ஐரோப்பா கொடுத்துவந்த விலை 2006-க்குப் பிறகு 36 சதவீதம் வெட்டப்பட்டதும் விவசாயிகள் கரும்பை விட்டு விலகத் தொடங்கினார்கள். கரும்பு குறைந்தால் சக்கை குறையும், சக்கை குறைந்தால் நிலக்கரி கூடும். மின்சாரத்தின் தலையெழுத்து சர்க்கரை விலையில் இருக்கிறது.

பக்கத்துத் தீவு ரீயூனியனிலும் இதே சக்கை, நிலக்கரி ஜோடிதான் ஓடிக்கொண்டிருந்தது. நிலக்கரியை விடவேண்டும் என்று முடிவெடுத்து, இப்போது அந்த இடத்தில் மரத்துகள் உருண்டைகளை எரிக்கிறார்கள். அவை வட அமெரிக்கா போன்ற தூர தேசங்களிலிருந்து கடல் தாண்டி வருகின்றன. இதைச் சொன்னதும் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப கப்பல் நிக்கேல்லையே!"

பிப்ரவரி 9, திங்கள் – அரிமளம் சாலை

அண்ணியை விடுதியில் விட்டுவிட்டு வாடகைக்கு ஒரு பைக் எடுத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு 500 ரூபாய், பெட்ரோல் நம்முடையது. மரத்தை எரிக்கும் பேச்சுப் பேசுகிற ஆளுக்கு வெட்டுவதற்காகவே நட்ட மரத்தையும் காட்டவேண்டும் என்பது என் ஆசை.

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் தைலமரம். வரிசை வரிசையாக, ஒரே உயரம், ஒரே தடிமன். அரசின் வனத்தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் இங்கே மிகப் பெரிய பரப்பில் இருக்கின்றன, பெரும்பாலும் காகித ஆலைக்கு வெட்டுவது. வண்டியை நிறுத்தி உள்ளே கொஞ்சம் நடந்தோம். காய்ந்த இலை சருகுச் சத்தம் மட்டும். கீழே புல் கிடையாது. ஒரு மைனாவைக்கூடப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்கு வெளியே வரப்போரம் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏன் விடவில்லை என்று கேட்டேன். "அங்கன என்ன இருக்கு கடிக்க?" என்றவர், கையில் இருந்த கம்பால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் முன்னே நேராக ஓடையில் இறங்கிக் கண்மாய்க்குப் போகும். தைலமரக் காட்டுக்குள் தண்ணீர் நிற்க வேண்டும் என்று குறுக்கே வரப்பு போட்டுவிட்டார்கள். "மழ பேஞ்சா அதுக்குள்ளயே நின்னு போயிருது. எங்க கம்மாய்க்குக் கொசுவ நனைக்கக்கூட வர்றதில்ல." புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் இந்த வரப்புகளுக்கு எதிராகப் பல வருடமாகப் போராடிவருகிறார்கள். செய்தித்தாளில் படிப்பது ஒன்று. கண்மாயின் உட்புறம் விரிசல் விட்டுக் கிடப்பதை, அதுவும் பிப்ரவரியிலேயே, நேரில் பார்ப்பது வேறு. அண்ணன் கண்மாய்க் கரையில் ஏறி வெகுநேரம் நின்றார். அவர் ஊரில் குளத்து நீரை நம்பித்தான் வயல்.

வேகமாக வளரும் மரம் என்றால் வேகமாகத் தண்ணீர் குடிக்கும் மரம். எரிபொருள் பயிர் விற்க வருகிறவர்கள் முதல் பாதியைச் சொல்லி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். தீவில் இது இன்னும் கனமாக விழும். பக்கத்து மாநிலத்து அணையில் கேட்டு வாங்க முடியாது, விழுந்த மழைதான் மொத்த முதல்.

திரும்பும்போது குறுக்கு வழி என்று ஒரு மண்பாதையில் போனோம். சீமைக்கருவேல முள் பின்டயரில் ஏறிவிட்டது. மணி ஒன்று, நல்ல வெயில், கையில் அரைப் பாட்டில் தண்ணீர். தூரத்தில் புகை தெரிந்ததால் தள்ளிக்கொண்டு போனோம். கரிமூட்டம் போடுகிற ஒரு குடும்பம். கணவர் எதுவும் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றித் தன் எக்ஸெல்லில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஒட்டுப் போட்டுக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. கடைக்குக் கொடுத்தது 120 ரூபாய் என்று அதை மட்டும் வாங்கிக்கொண்டார். மேலே ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஒரு மணி நேரம் அவர் மனைவி எங்களுக்கு நீர்மோர் கொடுத்து, மூட்டம் எப்படி வேகிறது என்று விளக்கினார். சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, மண்ணால் மெழுகி மூடி, சின்னத் துளை வழியே தீ வைப்பது. புகை வெள்ளையாக வரும்வரை ஈரம் போகிறது, நீலமாக மாறினால் கரி ஆகிறது. இரவும் பகலும் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மண் விரிந்து காற்றுப் புகுந்தால் காலையில் கரிக்குப் பதில் சாம்பல்தான்.

மரம் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்குக் கட்டை கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். முன்பு லாரி வந்துகொண்டிருந்ததாம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இந்த முள்ளை நம்பி அப்படிச் சில நிலையங்கள் கட்டினார்கள். தானாகக் காடாக முளைத்துக் கிடப்பது, விலை இல்லாத எரிபொருள் என்ற கணக்கு. நிலையம் ஓடத் தொடங்கியதும் கரிக்காரர், சூளைக்காரர், நிலையம் எல்லோரும் ஒரே கட்டைக்குப் போட்டி. விலை ஏறியது, தூரம் கூடியது, லாரி டீசல் கூடியது. தமிழ்நாட்டில் இப்படி எரிபொருள் விலை தாங்காமல் நின்றுபோன நிலையங்கள் பல. "அவங்க டன்னுக்குக் கொடுத்தது கட்டல, கரியா வித்தாத்தான் எங்களுக்குச் சாப்பாடு" என்றார் அந்த அக்கா.

இரவு உடம்பெல்லாம் வலி. மெஸ்ஸில் ஆச்சி முகத்தைப் பார்த்துவிட்டு மிளகு ரசம் ஒரு டம்ளர் தனியாகக் கொடுத்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய் – கானாடுகாத்தான்

வெயில் நேற்றைவிடக் குறைவு, மேகம். ஒரு பழைய வீட்டைப் பார்க்க ஆளுக்கு 100 ரூபாய். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது கூரையை. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் வளவு முற்றத்தை நோக்கி இறங்குகிறது. மூலையில் தகரத் தூம்பு, கீழே அண்டா வைக்க ஒரு மேடை. முற்றத்தில் விழுவது கிணற்றுக்கும், தெருவில் ஓடுவது ஊருணிக்கும் போகும். ஆறு இல்லாத ஊரில் ஒரு சொட்டு விடாமல் கணக்கு வைத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

சாப்பாடு 220 ரூபாய். உப்புக்கறி, வெண்டைக்காய் மண்டி, கடைசியில் கவுனி அரிசி. சாப்பிட்ட பிறகு வாழைமரத்தடியில் உட்கார்ந்து அண்ணன் நோட்டில் கணக்குப் போட்டோம். இந்தப் பயணத்தின் சாரம் அந்த ஒரு பக்கம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மெகாவாட் நிலையம் வருடத்தில் 80 சதவீத நேரம் ஓடினால் 70 லட்சம் யூனிட். சின்ன நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு. அப்படியானால் வருடத்துக்குச் சுமார் 9,000 டன். நல்ல மண்ணும் நல்ல மழையும் இருந்து ஏக்கருக்கு 6 டன் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் 1,500 ஏக்கர் வேண்டும். வறண்ட நிலம் என்றால் இரு மடங்கு. இதே 70 லட்சம் யூனிட்டைச் சூரியத் தகட்டில் எடுக்க நாலரை மெகாவாட் போதும், 25 ஏக்கருக்குள் அடங்கிவிடும். இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. இங்கிருந்து தெற்கே கமுதியில் 2016 முதல் ஓடும் 648 மெகாவாட் சூரிய நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது. இலை வெயிலில் ஒரு சதவீதத்தைப் பிடித்து விறகாக்கினாலே பெரிய காரியம். தகடு இருபது சதவீதம் பிடிக்கிறது.

அண்ணன் நியாயமான கேள்வி கேட்டார். "இரவில சூரியன் இல்லையே தம்பி. விறகு இரவிலயும் எரியுமே." உண்மைதான். விறகின் ஒரே பெரிய பலம் அதுதான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த இரவு மின்சாரத்துக்காக 1,500 ஏக்கரைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. அவர் பக்கத்தில் அந்த நிலம் யானை நடமாடும் புதர்க்காடு. அதை வெட்டினால் யானை வயலுக்குத்தான் வரும்.

மற்றத் தீவுகளின் அனுபவத்தையும் சொன்னேன். பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் காலத்தில் இபில் இபில், அதாவது நம்மூர் சூபாபுல், நட்டுச் சின்னச் சின்ன மரமின் நிலையங்கள் கட்டத் தொடங்கினார்கள். மரம் சொன்ன வேகத்தில் வளரவில்லை. 1985 வாக்கில் ஒரு சாறுறிஞ்சும் பூச்சி வந்து ஒரே இனமாக நின்ற தோட்டங்களை மொட்டையாக்கியது. திட்டத்தில் பெரும்பகுதி நிலைக்கவில்லை. அமெரிக்க மாநிலமான ஹவாயின் பெரிய தீவில், கரும்பு ஆலைகள் மூடியபின் நட்ட தைலமரத்தை எரிக்க 21.5 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டப்பட்டு, ஓட அனுமதி கேட்டு நின்றது. விலையும் அதிகம், கரியமில வாயுவும் அதிகம் என்று மாநில ஆணையம் 2022-ல் மறுத்தது. அடுத்த வருடம் அங்குள்ள உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வெட்டின மரம் திரும்ப வளர்ந்து புகையை உள்வாங்கப் பல வருடம் ஆகும், புகை மட்டும் இன்றைக்கே மேலே போய்விடுகிறது.

அதற்காகச் சீமைக்கிளுவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் 2005-ல் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப்பயிராக அறிவித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. தென்னைக்கு ஊடே நடலாம், மிளகுக் கொடி ஏற்றலாம், வேலியாகவும் நிற்கும். வேர் காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணுக்குத் தரும், இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும். கவாத்து செய்த குச்சி மட்டும் அடுப்புக்குப் போய், இலையும் சாம்பலும் மண்ணுக்கே திரும்பினால் நான் முழு மனதோடு கைதூக்குவேன். அதற்குப் புது நிலம் தேவையில்லை. ஆனால் அப்படிச் சேரும் குச்சி ஒரு நெல் டிரையரை ஓட்டும், மாவட்டத்துக்கு மின்சாரம் கொடுக்காது. திருகோணமலையில் ஒரு சிமென்ட் ஆலைக்கு 10 மெகாவாட் நிலையம் உமியையும் கிளுவைக் குச்சியையும் கலந்து ஓடுகிறது. உமி ஏற்கெனவே இருக்கும் ஊரில், சொந்தத் தேவைக்கு வைத்ததால்தான் அது தாங்குகிறது என்பது என் எண்ணம்.

அண்ணன் நோட்டை மூடிவிட்டு ஊருணிப் படியில் போய் முகம் கழுவப் போனார். அங்கே நின்ற பையன், "இது குடிக்கிற தண்ணிங்க, அந்தப் பக்கம் போங்க" என்று மரியாதையாகத் தடுத்தான். அண்ணன் அவனிடம் கைகூப்பிவிட்டுத் திரும்பினார்.

பிப்ரவரி 11, புதன் – காரைக்குடியிலிருந்து கிளம்புதல்

ஸ்டேஷனுக்குப் போகும் முன் கல்லூரிச் சாலையில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் வாசல் வழியாகப் போகச் சொன்னேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். இரவுக்கு மின்சாரம் சேர்த்துவைக்கும் பாட்டரி பற்றி அங்கே ஆராய்ச்சி நடக்கிறது என்று சொன்னதும் அண்ணன் வண்டியிலிருந்தே வாசலைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் நேற்றுக் கேட்ட இரவுக் கேள்விக்கு பதில் இந்த மாதிரிக் கட்டடங்களிலிருந்துதான் வரும் என்று நான் நம்புகிறேன். பாட்டரி விலை இறங்கிவரும் வேகத்துக்கு எந்த மரமும் வளராது.

கொழும்பு ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார். முதலில் ஆற்றங்கரையில் கொளுத்தும் உமியை நிறுத்துவது, அதில் ஆலைக்கு வேண்டிய ஆவியும் முடிந்தால் சொந்த மின்சாரமும் எடுப்பது, களத்துக் கூரையில் சூரியத் தகடு போடுவது, தென்னந்தோப்பு வேலியில் மட்டும் கிளுவை. அடுத்த அறுவடைக்கு நான் கல்முனை போய் ஒரு நாளைக்கு எவ்வளவு உமி, எவ்வளவு ஈரம் என்று எடை போட்டுப் பார்க்க வேண்டும். புதுவயல் பாய்லர்காரரின் போன் நம்பரை அண்ணன் வாங்கி வைத்திருக்கிறார். குழாய் அரிப்புக்கு அவர்கள் எந்தத் தடிமன் குழாய் போடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல்லில் மாதிரிக்கு நாலு மட்டும் வாங்கி அண்ணி சேலைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டார். மீதியைத் தூத்துக்குடி வழியாக அனுப்ப முடியுமா என்று விசாரிக்கிறார்கள்.